காற்புள்ளி ராஜ்ஜியம்

ஜர்னலுக்கு ஒரு கட்டுரை அனுப்பிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆய்வகத்தில் எலியோடும் பூஞ்சையோடும் வருடக்கணக்கில் மல்லுக்கட்டியதெல்லாம் வெறும் ஒத்திகை. நிஜப் பரீட்சை கட்டுரையின் கடைசிப் பக்கங்களில், ரெஃபரன்ஸ் பட்டியலில் காத்திருக்கிறது. ஆண்டு அடைப்புக்குறிக்குள் நிற்கவேண்டுமா, வெளியே நிற்கலாமா? தொகுதி எண் தடித்திருக்கவேண்டுமா, சாய்ந்திருக்கவேண்டுமா? இனிஷியலுக்குப் புள்ளி உண்டா, கிடையாதா? இதற்கெல்லாம் விடை தெரியாதவர் புற்றுநோய்க்கு மருந்தே கண்டுபிடித்திருந்தாலும் வாசல்படியிலேயே உட்காரவேண்டியதுதான்.

உதாரணத்துக்கு நம் வீட்டுச் சரக்கையே எடுத்துக்கொள்வோம். 1928 மார்ச் 31 தேதியிட்ட நேச்சர் இதழில் சி. வி. ராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் ஒரு சிறு கடிதம் எழுதினார்கள். 121ஆம் தொகுதி, 501, 502ஆம் பக்கங்கள். பிற்பாடு ராமனுக்கு நோபல் பரிசு வாங்கித் தந்த ஒளிச்சிதறல் பற்றிய சேதி அது. இன்றைக்கு ஒரு ஆராய்ச்சி மாணவி அதைத் தன் கட்டுரையில் குறிப்பிட நினைக்கிறார் என்று வையுங்கள். உளவியல்காரர்களின் ஏபிஏ பாணியில் ராமன் முன்னால் வருவார், இனிஷியல் பின்னால் புள்ளியோடு வரும், ஆண்டு அடைப்புக்குள் போகும், இதழின் பெயரும் தொகுதி எண்ணும் சாய்ந்துகொள்ளும். மருத்துவ இதழ்களின் வான்கூவர் பாணியில் இனிஷியலுக்குப் புள்ளி வைத்தால் குற்றம். ஆண்டு, அரைப்புள்ளி, தொகுதி, முக்காற்புள்ளி, பக்கம் எல்லாம் இடைவெளி இல்லாமல் ஒட்டி நிற்கவேண்டும். 501-2 என்று எழுதவேண்டும்; 502 என்று முழுசாக எழுதினால் ஊதாரித்தனம். பொறியியலின் ஐஇஇஇ பாணியில் இனிஷியல் பெயருக்கு முன்னால் ஓடிவரும், தலைப்பு மேற்கோள்குறிக்குள் போகும், தலைப்பை முடிக்கும் காற்புள்ளியும் கூடவே உள்ளே போய் உட்காரும். அமெரிக்க இயற்பியல் இதழ்களின் பழைய வழக்கத்தில் தலைப்பையே வெட்டி எறிந்துவிட்டு, தொகுதியைத் தடிமனாக்கி, ஆண்டைக் கடைசியில் கட்டிவைப்பார்கள். அதே ராமன், அதே கிருஷ்ணன், அதே ஒளி. ஆனால் ஒரு ஜர்னல் திருப்பி அனுப்பி இன்னொரு ஜர்னலுக்குப் போகும்போது பட்டியலில் உள்ள அறுபது பேருக்கும் இந்த அலங்காரத்தைக் கலைத்துப் புது அலங்காரம் செய்யவேண்டும். அந்த ஜர்னலும் திருப்பினால் மறுபடியும் கலைக்கவேண்டும்.

இந்தக் கூத்துக்கு ஒரு முடிவு கட்டலாம் என்று நல்ல மனசோடு கிளம்பியவர்களும் உண்டு. 1978இல் மருத்துவ இதழ்களின் ஆசிரியர்கள் சிலர் கனடாவின் வான்கூவரில் கூடி, எல்லாருக்கும் ஒரே வடிவம் என்று பேசி, மறு வருடம் விதிகளை வெளியிட்டார்கள். பலன் என்னவென்றால், ஏற்கெனவே இருந்த பாணிகளோடு வான்கூவர் என்று ஒன்று கூடிவிட்டது. அப்புறம் அதற்குள்ளேயே உட்சாதிகள். எண்ணைச் சதுர அடைப்புக்குள் போடுகிறவர்கள் ஒரு பிரிவு, பொடி எழுத்தில் வரிக்கு மேலே தூக்கிவைப்பவர்கள் இன்னொரு பிரிவு. ஆறு கட்டுரையாளர்களுக்குப் பிறகு 'மற்றும் பலர்' போடுகிறவர்கள் உண்டு. மூன்றிலேயே மூச்சு வாங்கி நிற்பவர்களும் உண்டு. ஸோடெரோ என்ற இலவச மென்பொருளின் களஞ்சியத்தில் இன்று 10,000க்கு மேற்பட்ட பாணிக் கோப்புகள் இருக்கின்றன. ஒன்றின் நகலாக இன்னொன்று இருப்பவற்றைக் கழித்தாலும் ஆயிரக்கணக்கில் மிஞ்சும். மனித குலம் ஒரு புத்தகத்தைச் சுட்டிக்காட்டுவதற்கு ஆயிரக்கணக்கான வழிகளைக் கண்டுபிடித்திருக்கிறது என்றால் நாம் எப்பேர்ப்பட்ட இனம் பாருங்கள்.

ஹார்வர்டு பாணி என்று கேட்டதும் ஏதோ செனட் கூடி இயற்றிய சட்டம் என்று கையெடுத்துக் கும்பிடவேண்டாம். 1881இல் எட்வர்ட் லாரன்ஸ் மார்க் என்ற விலங்கியலாளர் தோட்டத்தில் ஊரும் ஓடில்லாத நத்தையைப் பற்றி எழுதிய கட்டுரையைத்தான் அதன் முதல் சான்றாகக் காட்டுகிறார்கள். அவர் தன் வசதிக்கு எதையோ செய்தார். 140 வருடம் கழித்து இங்கே ஒருவருக்கு அதனால் தீசிஸ் நின்றுபோகிறது.

தமிழ்நாட்டின் எந்தப் பல்கலைக்கழகத் துறையிலும் இந்த உரையாடலைக் கேட்கலாம்.

"என்னம்மா, பேப்பர் என்னாச்சு?"

"திரும்பி வந்துடுச்சு சார்."

"ரிவியூவர் என்ன சொல்றாரு?"

"ரிவியூவுக்கே போகலை சார். ரெஃபரன்ஸ் ஜர்னல் ஸ்டைல்ல இல்லையாம். 21 நாள்ல மாத்தி அனுப்பணுமாம்."

"அதுக்குத்தான் சாஃப்ட்வேர் போடுன்னு தலபாடா அடிச்சிக்கிட்டேன்."

"சாஃப்ட்வேர்லதான் சார் போட்டேன். அதுல இருக்கிற ஸ்டைல் பழசாம். அவங்க மாத்திட்டாங்களாம்."

"சரி விடு. அந்த ஜெராக்ஸ் கடைப் பையன்கிட்ட குடு. அவன் பாத்துக்குவான்."

கடைசி வரியில்தான் நாட்டின் உயர்கல்வி நிலவரம் முழுசும் இருக்கிறது. ஜெராக்ஸ், ஸ்பைரல் பைண்டிங், லேமினேஷன், தீசிஸ் அலைன்மென்ட் என்று பலகை மாட்டிய அந்தக் கடையில், கட்டுரையில் ஒரு வரி புரியாத ஒரு தம்பி, வான்கூவரையும் ஏபிஏவையும் விரல்நுனியில் வைத்திருக்கிறான். பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு, சாயங்காலத்துக்குள் முடித்துத் தருகிறான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இந்த வேலைக்கு எவ்வளவு மூளை தேவை என்பதை உலகத்தில் சரியாக எடைபோட்டவன் அவன் ஒருவன்தான். முனைவர் பட்டம் வாங்கியவர்கள் இதை அறிவுப் பணி என்று இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

இதற்கு ஆகும் காலத்தைக் கணக்குப் போட்டும் பார்த்துவிட்டார்கள். 2019இல் பிளாஸ் ஒன் இதழில் வந்த ஒரு கருத்துக்கணிப்பின்படி, ஒரு கட்டுரையை ஜர்னலின் வடிவத்துக்குக் கொண்டுவர ஆய்வாளர்களுக்கு ஆன நேரத்தின் இடைநிலை அளவு 14 மணி நேரம். ஆளுக்கு வருடத்தில் 52 மணி நேரம். ரெஃபரன்ஸ், படம், அட்டவணை, பக்க ஓரம் எல்லாம் சேர்த்துத்தான். பணமாக மாற்றினால் கட்டுரைக்கு 477 டாலர். நம் ஊரில் ஆராய்ச்சி மாணவர்களுக்கான ஜேஆர்எஃப் உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். அதுவும் கிடைத்த பாக்கியவான்களுக்கு. கிடைக்காதவர்கள் கெஸ்ட் லெக்சரராகப் பகலில் வகுப்பெடுத்துவிட்டு, ராத்திரி பத்து மணிக்கு மேல் அரைப்புள்ளிக்குப் பின்னால் இடைவெளி இருக்கிறதா என்று திரையில் பேன் பார்க்கிறார்கள்.

விதியை உருவாக்குகிறவர்களுக்கு இதில் கூச்சநாச்சம் ஏதாவது உண்டா என்றால் அதுவும் இல்லை. புத்தகத்தைக் குறிப்பிட்டால் பதிப்பகம் இருக்கும் ஊரையும் எழுதவேண்டும் என்று ஏபிஏ பல பதிப்புகளாகச் சட்டம் வைத்திருந்தது. பதிப்பகம் நியூயார்க்கிலா, நியூ ஜெர்சியிலா, ஊருக்குப் பின் மாநிலச் சுருக்கமும் வேண்டுமா என்று தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் புத்தகத்தின் நான்காம் பக்கத்தைத் துழாவினார்கள். அது விட்டுப்போனதற்காக மதிப்பெண் குறைக்கப்பட்டவர்கள் எத்தனை பேரோ. 2019இல் வந்த ஏழாம் பதிப்பில், ஊர் இனி தேவையில்லை என்று அந்த விதியைத் தூக்கிவிட்டார்கள். அவ்வளவுதான். ஒரு வருத்தம் இல்லை, ஒரு மன்னிப்பு இல்லை. குறைத்த மதிப்பெண்ணை யாரும் திருப்பித் தரவும் இல்லை.

இதழ்ப் பெயரைச் சுருக்குவது தனிக் கொடுமை. எந்தச் சொல்லை எங்கே வெட்டவேண்டும் என்பதற்கு ஐஎஸ்ஓ 4 என்று உலகத் தரநிலையே இருக்கிறது. வெட்டவேண்டிய சொற்களின் பட்டியலை பாரிஸில் ஒரு மையம் பராமரிக்கிறது. அச்சுக் காகிதம் மிச்சமாகட்டும் என்று வந்த ஏற்பாடு அது. இப்போது பெரும்பாலான ஜர்னல்கள் திரையில்தான் வாழ்கின்றன. திரையில் எந்தக் காகிதம் மிச்சமாகிறது என்று கேட்டால் பதில் இல்லை. பக்க எண்ணே இல்லாத இணைய ஜர்னலுக்குப் பக்க எண் கேட்டு மெயில் அனுப்புவார்கள். இல்லை என்று பதில் போட்டால் விடுபட்ட விவரத்தைத் தரவும் என்று அதே மெயிலை மறுபடியும் அனுப்புவார்கள்.

எனக்கு வயிறெரிவது இதற்கெல்லாம் கூட அல்ல. இவ்வளவு கண்ணீரில் போட்ட அந்தக் காற்புள்ளிகளின் கதி என்ன ஆகிறது என்று பார்த்தால் எரியும். ஏற்கப்பட்ட கட்டுரை லண்டனுக்கோ ஆம்ஸ்டர்டாமுக்கோ போவதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பல சமயம் அது சென்னைக்கோ புதுச்சேரிக்கோதான் வந்து சேர்கிறது. உலகின் பெரிய பதிப்பகங்களுக்குப் பக்கம் கோர்த்துக் கொடுக்கும் கம்பெனிகள் இங்கே வரிசையாக இருக்கின்றன. அங்கே ஷிஃப்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளும் மென்பொருளும் சேர்ந்து செய்யும் முதல் காரியம், அந்த ரெஃபரன்ஸைச் சதை வேறு எலும்பு வேறாகப் பிரிப்பது. பெயர் ஒரு பெட்டி, இனிஷியல் ஒரு பெட்டி, ஆண்டு ஒரு பெட்டி, தொகுதி, முதல் பக்கம், கடைசிப் பக்கம் என்று எக்ஸ்எம்எல் பெட்டிகள். இதற்கென்று ஜாட்ஸ் என்ற தரநிலை 2012இலேயே வந்துவிட்டது. பெட்டிக்குள் போனதும் மாணவி போட்ட புள்ளி, சாய்வு, தடிமன் எதற்கும் வேலை இல்லை, குப்பைக்குப் போகின்றன. அப்புறம் ஜர்னலின் ஸ்டைல்ஷீட் என்ற நிரல் கண் சிமிட்டும் நேரத்தில் தனக்கு வேண்டிய காற்புள்ளியைத் தானே தூவிக்கொள்கிறது. கட்டுரையின் அடையாளமான டிஓஐ எண் ஒன்றைக் கொடுத்தால், 2000ஆம் ஆண்டில் தொடங்கிய கிராஸ்ரெஃப் பதிவேட்டிலிருந்து பெயர், ஆண்டு, தொகுதி, பக்கம் எல்லாம் நொடியில் வந்து விழும். அந்த விவரங்களைப் பதிவேட்டில் ஏற்றியவர்களே இதே பதிப்பகங்கள்தான். தங்களிடம் இருப்பதைத்தான் நம்மிடம் கேட்கிறார்கள், அதுவும் கையால், அதுவும் இரவில், அதுவும் இலவசமாக.

திருநெல்வேலியில் ஒரு தமிழச்சி காற்புள்ளி போடுகிறாள். சென்னை பெருங்குடியில் இன்னொரு தமிழச்சி அதை எடுத்துப் போடுகிறாள். இருவருக்கும் நடுவில் லாபம் லண்டனில் இறங்குகிறது. எல்செவியர் பதிப்பகத்தின் தாய் நிறுவனமான ரெலெக்ஸ் 2023இல் காட்டிய கணக்கில், அறிவியல் பதிப்புப் பிரிவின் இயக்க லாபம் வருவாயில் சுமார் 38 சதவீதம். எழுதுகிறவருக்குச் சம்பளம் கிடையாது, மதிப்பிடுகிறவருக்குச் சம்பளம் கிடையாது. சில இடங்களில் வெளியிடுவதற்கு எழுதியவரே பணம் கட்டவேண்டும். நேச்சர் இதழ் 2020இல் திறந்தநிலை வெளியீட்டுக்கு அறிவித்த கட்டணம் 9,500 யூரோ.

சரி, இத்தனை கெடுபிடியும் அறிவியலின் தூய்மைக்காக என்பார்கள். தூய்மையின் லட்சணத்தையும் பார்த்துவிடுவோம். வான் டெர் கீர், ஹன்ராட்ஸ், லுப்டன் என்று மூவர் 2000இல் எழுதிய, 'அறிவியல் கட்டுரை எழுதும் கலை' என்ற கட்டுரை. 163ஆம் தொகுதி, 51 முதல் 59ஆம் பக்கம் வரை. வெப் ஆஃப் சயின்ஸ் பதிவேட்டின்படி இது 2017வாக்கில் ஏறக்குறைய 400 முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தது. பெரும்பாலான விஞ்ஞானிகள் வாழ்நாள் முழுக்கத் தவம் கிடந்தாலும் கிடைக்காத எண்ணிக்கை. ஒரே ஒரு குறை: அப்படி ஒரு கட்டுரை கிடையாது. அது வந்ததாகச் சொல்லப்பட்ட ஜர்னலும் கிடையாது. ரெஃபரன்ஸை இப்படி எழுதவேண்டும் என்று காட்டுவதற்காக எல்செவியர் தன் வழிகாட்டியில் போட்டிருந்த மாதிரி வரி அது. பலர் டெம்ப்ளேட்டில் இருந்த அந்த வரியை அழிக்க மறந்து அப்படியே அனுப்பியிருக்கிறார்கள். எடிட்டர் பார்த்தார், ரிவியூவர் பார்த்தார், காபி எடிட்டர் பார்த்தார், வெளியாகிவிட்டது. ஏன் பிடிபடவில்லை? வடிவம் கச்சிதமாக இருந்தது. அதைவிடக் கச்சிதமாக இருக்க முடியாது, விதியின் உதாரணமே அதுதானே. லெய்டனின் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் சந்தேகப்பட்டுத் தோண்ட, ஆன்-வில் ஹார்சிங் என்ற பேராசிரியர் 2017இல் இந்த ஆவியை ஊரறியச் செய்தார்.

ஆவி போகட்டும், உயிருள்ள கட்டுரைகளாவது படிக்கப்படுகின்றனவா? சிம்கின், ராய்சௌத்ரி என்ற இருவர் 1973இல் வந்த புகழ்பெற்ற இயற்பியல் கட்டுரை ஒன்றைச் சுட்டிய சுமார் 4,300 மேற்கோள்களை எடுத்துப் பார்த்தார்கள். 196இல் எண் பிழை. தனித்தனிப் பிழை என்று பார்த்தால் 45தான். ஒரே தவறு மட்டும் 78 இடத்தில் இருந்தது. பரீட்சையில் முன் பெஞ்சுக்காரன் தப்பாக எழுதியதைப் பின் பெஞ்சு முழுக்கப் பார்த்து எழுதினால் இப்படித்தான் இருக்கும். மூலக் கட்டுரையைத் திறந்து பார்த்தவர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். அந்த 78 தப்பான எண்களும் சரியான எழுத்துருவில், சரியான இடத்தில்தான் நின்றிருக்கும். அதில் யாரும் கோட்டை விட்டிருக்க மாட்டார்கள்.

2025 மே மாதத்தில் அமெரிக்க அரசு குழந்தைகளின் உடல்நலம் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. பத்திரிகையாளர்கள் ரெஃபரன்ஸ் பட்டியலைத் தட்டிப் பார்த்தபோது சில ஆய்வுகள் உலகத்திலேயே இல்லாதவை என்று தெரிந்தது. வெள்ளை மாளிகையின் செய்தித் தொடர்பாளர் சொன்ன விளக்கம்: வடிவமைப்பில் சில பிரச்சினைகள். எனக்கு அந்த அம்மையார் மேல் கோபமே வரவில்லை. ஜர்னல் உலகம் இத்தனை வருடமாக நமக்குச் சொல்லிக்கொடுத்த பாடத்தைத்தான் அவர் ஒப்பித்தார். புள்ளி தப்பானாலும் வடிவமைப்புப் பிரச்சினை, ஆய்வே இல்லாவிட்டாலும் வடிவமைப்புப் பிரச்சினை. இனி செயற்கை நுண்ணறிவுச் செயலிகளுக்கு யோகம்தான். இல்லாத கட்டுரையை, இல்லாத தொகுதியில், அச்சு அசல் வான்கூவர் பாணியில் வாரி வழங்குகின்றன. நம் பிள்ளைகளுக்கு வராத அரைப்புள்ளி அவற்றுக்குப் பிறவியிலேயே வந்திருக்கிறது.

திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளின் பதிவேடு ஒன்றை கிராஸ்ரெஃப் 2023இல் வாங்கி எல்லாருக்கும் திறந்துவிட்டது. ரெஃபரன்ஸ் பட்டியலில் அப்படி ஒரு கட்டுரை இருக்கிறதா என்று கணினியை விட்டுப் பார்க்க நிமிடம் போதும். அதைச் செய்யாத ஜர்னல் அலுவலகம், இனிஷியலுக்குப் புள்ளி வைத்ததற்காகக் கட்டுரையைத் திருப்பி அனுப்புகிறது என்றால், அந்த அலுவலகத்துக்கு எதில் அக்கறை என்று தனியாகச் சொல்லவேண்டுமா?

இனிஷியல் என்றதும் இன்னொன்று. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்துத்தான். எம். செல்வி என்றால் முருகேசன் மகள் செல்வி. ஜர்னலின் படிவம் குடும்பப் பெயரைச் சிவப்பு நட்சத்திரம் போட்டுக் கேட்கும். காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்காது. வேறு வழியில்லாமல் முருகேசன் என்று போடுகிறாள். அன்றிலிருந்து உலக அறிவியலில் அவள் 'முருகேசன் எஸ்.' பத்தாம் வகுப்பைத் தாண்டாத, உரக்கடை வைத்திருக்கும் முருகேசன், நானோ துகள் நிபுணராகிறார். அடுத்த ஜர்னல் தன் இஷ்டத்துக்குத் திருப்பி 'செல்வி எம்.' என்று போடும். பதிவேட்டில் இரண்டு விஞ்ஞானிகள், ஆளுக்குப் பாதி மேற்கோள். ஐஸ்லாந்துக்காரர்களுக்கும் ஏறக்குறைய இதே தலைவலி. இதைத் தீர்க்க 2012இல் ஆர்கிட் என்று 16 இலக்க எண் கொடுத்தார்கள். பெற்றவர்கள் வைத்த பெயரை எங்கள் பெட்டியில் சரியாக வைக்கத் தெரியவில்லை, நீ ஒரு எண்ணாக மாறிவிடு என்று அர்த்தம்.

இத்தனையும் தேவையில்லை என்று பதிப்பகங்களுக்கே தெரியும். முதல் முறை அனுப்பும்போது எந்த வடிவத்திலும் அனுப்பலாம் என்று எல்செவியரின் ஜர்னல் ஒன்று 2011இலேயே ஆரம்பித்தது. பிறகு பல ஜர்னல்கள் சேர்ந்தன. வானம் இடிந்து விழவில்லை. சில இடங்களில் விலக்கு அறிவித்துவிட்டு, திருத்திய பிரதி அனுப்பும் கட்டத்தில் பழைய சாட்டையை எடுக்கிறார்கள். மற்றவர்கள் அந்த நாடகத்தைக்கூட ஆடுவதில்லை. வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்கிறவனுக்குச் செருப்பு மேல் ஒன்றும் கோபமில்லை. குனிந்து கழற்றுவதை அவன் பார்க்கவேண்டும்.

கடைசியில் இந்த விருந்துக்கு மொய் எழுதுவதும் நாம்தான். 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் தந்தது. 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 ஜர்னல்கள், மூன்று வருடத்துக்கு 6,000 கோடி ரூபாய். படிக்க வழி கிடைத்ததே என்று மாணவர்கள் சந்தோஷப்படுவது நியாயம்தான். ஆனால் பதிப்பகங்களின் பில் டெல்லிக்கு வந்து சேரும்போது, உடனே பணம் அனுப்பாமல், இப்படி ஒரு கடிதம் போயிருக்கவேண்டும் என்பது என் ஆசை:

"அன்புடையீர், தங்கள் பில்லை எங்கள் அமைச்சகத்துக்கு அனுப்பத் தேர்ந்தெடுத்தமைக்கு நன்றி. துரதிருஷ்டவசமாக அது எங்கள் வடிவ விதிகளுக்கு உட்பட்டதாக இல்லை. தொகையில் மில்லியன் கணக்கில் காற்புள்ளி போட்டிருக்கிறீர்கள். இங்கே லட்சத்துக்கும் கோடிக்கும்தான் காற்புள்ளி. தேதியை அடைப்புக்குறிக்குள் போடவும். வங்கியின் பெயரை பாரிஸ் பட்டியலின்படி சுருக்கவும். நிறுவனத்தின் குடும்பப் பெயரை முதலில் எழுதவும். அப்படி ஒன்று இல்லாவிட்டால் நிறுவனரின் அப்பா பெயரைப் போடலாம். 13,000 ஜர்னல்களின் பெயர்களையும் சாய்வெழுத்தில், ஒவ்வொன்றையும் தனித்தனி ஃபைலாக ஏற்றவும். திருத்திய பில் 21 நாளுக்குள் வந்து சேராவிட்டால் அது புதிய பில்லாகக் கருதப்பட்டு முதலிலிருந்து பரிசீலிக்கப்படும். இந்த முடிவு தங்கள் தொகையின் தகுதியைப் பற்றிய தீர்ப்பு அல்ல என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம். தயவுசெய்து இந்த மெயிலுக்குப் பதில் அனுப்பவேண்டாம். இந்த முகவரிக்கு வரும் கடிதங்களை யாரும் பார்ப்பதில்லை."